கோட்டம் மாறும், துடைப்பம் மாறாதா?

உத்தனப்பள்ளிக்கு ஒருபக்கம் ஓசூர், மறுபக்கம் இராயக்கோட்டை. இரண்டு ரயில் நிலையமும் தமிழ்நாட்டு மண்ணில். நிர்வாகம் மட்டும் பெங்களூர்க் கோட்டம். ‘சேலம் கோட்டத்தோடு சேர்’ என்கிறார்கள். சேர்க்கட்டும். யாருக்காக?

2007 நவம்பர் 1இல் சேலம் கோட்டம் வந்தது. பெரும்பகுதி பாலக்காட்டிலிருந்து பிரித்தது. அங்கே கட்சி பேதமில்லாமல் எதிர்த்தார்கள்; இங்கே கட்சி பேதமில்லாமல் கேட்டார்கள். அவர்களுக்கு மலையாளி மானம், இவர்களுக்குத் தமிழன் உரிமை. தண்டவாளத்தில் பீ அள்ளியவன் என்ன சாதின்னு ரெண்டு ஊரும் கேக்கல.

1938இல் மன்மாட் ரயில்வே தொழிலாளர் மாநாட்டில் அம்பேத்கர் இதைக் கேட்டார். தீண்டப்படாதவன் கேங்மேனாகவே கிடக்கிறான். போர்ட்டர்கூட ஆக முடியாது. போர்ட்டர் என்றால் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு வேலையும் செய்யணுமே, இவனை எப்படி வீட்டுக்குள்ள விடுவான்? பார்ப்பனியமும் முதலாளியமும் தொழிலாளியின் இரு எதிரிகள் என்றார்.

மலமள்ளுவதை ஒழிக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொன்று. மத்திய அரசு அறிவிக்கும் கருவியும் கையுறையும் கொடுத்துவிட்டால் அள்ளுகிறவன் ‘மலமள்ளுபவன்’ இல்லை என்கிறது 2013 சட்டம்! பெட்டிகளில் பயோ கழிப்பறை வந்தது. துப்புரவோ காண்டிராக்டர் கைக்குப் போனது. மத்திய அரசு வேலையில் பட்டியல் சாதிக்கு 15 சதவீதம். காண்டிராக்டர் துடைப்பத்துக்கு எந்த ஒதுக்கீடும் வேண்டாம். போட்டிக்கு எந்த மேல்சாதிக்காரனும் வரமாட்டான்.

தோழர்களே, மனுவோடு சேரிக்கு வருவார்கள். ‘துப்புரவு நிரந்தரப் பணியாகணும், நிரப்பாத ஒதுக்கீட்டு இடங்களின் பட்டியல் வெளியே வரணும்’ என்ற வரிகள் இருக்கா பாருங்க. இல்லையென்றால் கையெழுத்து கிடையாது.