பலித்த ஜோதிடம்

நடக்கப் போவது முன்கூட்டியே தெரிந்துவிட்டால் அதைத் தடுத்துவிட முடியுமா? இது மிகப் பழைய கேள்வி. ஜோதிடர்களைக் கேட்டால் தயங்காமல் பதில் சொல்வார்கள். தோஷத்தைச் சொல்லும் அதே மூச்சில் பரிகாரத்தையும் சொல்லி, தட்சிணையையும் வாங்கிக் கொள்வார்கள். ஜோதிடத்தில் நமக்கு நம்பிக்கை உண்டா என்பது வேறு விஷயம். கெடுதலை மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போகக் கூடாது என்ற அந்தச் சம்பிரதாயத்தை நாம் மெச்சத்தான் வேண்டும்.

இந்தக் கேள்விக்குக் கள்ளக்குறிச்சி ஒரு பதில் வைத்திருக்கிறது.

2023-ம் வருஷம் மே மாதம், மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் செங்கற்பட்டு ஜில்லாவிலும் விஷச் சாராயம் குடித்து 20-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். விஷம், மெதனால். மரக்காணம் இருப்பது விழுப்புரம் ஜில்லாவில். கள்ளக்குறிச்சியும் 2019 வரையில் அந்த ஜில்லாவைச் சேர்ந்ததே. கல்வராயன் மலைச் சாராயமோ ஊரறிந்த ரகசியம். அடுத்தது எங்கே என்று அறிய ஏட்டுச் சுவடி எதுவும் தேவையாயில்லை.

பதின்மூன்று மாதம் சென்றது. 2024 ஜூனில், கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அதே மெதனால், அதே மரணம். 60-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கருணாபுரம் நடுக்காட்டில் இல்லை. போலீஸ் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அருகிலேயே இருக்கிறது.

பரிகாரமே நடக்கவில்லையா என்றால், நடந்தது. போலீஸார் மலையேறிச் சாராய ஊறல்களைக் கொட்டி அழித்து வந்தார்கள். ஆனால் மெதனால் மலையில் ஊறுவதன்று. தொழிற்சாலையில் உற்பத்தியாகி, தார் ரோட்டில் வண்டியேறி வருவது. சாந்தி செய்தது ஒரு கிரகத்துக்கு. பிடித்துக் கொண்டது வேறொரு கிரகம்!

இந்த விஷத்தின் குணத்தையும் கவனிக்க வேண்டும். குடித்தவுடனே அது கொல்வதில்லை. உடம்பு அதை மெள்ள மெள்ளப் பார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அதற்கு அரை நாள், ஒரு நாள்கூட ஆகலாம். பிறகுதான் கண் மங்கும், மூச்சு முட்டும். அதற்குள் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தால், அந்த மாற்றத்தைத் தடுக்க மருந்து உண்டு. அதாவது, அங்கே வருவதை அறிந்த வைத்தியர் விதியை மாற்றவே மாற்றலாம். கருணாபுரத்திலோ, முதலில் நேர்ந்த சாவுகளுக்குச் சாராயம் காரணமல்ல என்று ஜில்லா அதிகாரிகள் முதலில் தெரிவித்தார்கள். விலை மதிக்க முடியாத நாழிகைகள் அவை.

ஆகவே, முன்னறிவு விதியை மாற்றுவதில்லை. மாற்றுவதற்குக் கொஞ்சம் அவகாசம் தருகிறது, அவ்வளவுதான். அந்த அவகாசத்தை வீணாக்கிவிட்டு, வீணாக்கியதற்கு 'விதி' என்று பெயரிடுகிறோம்.

சம்பவத்துக்குப் பின் 2024-லேயே மதுவிலக்குச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாறியது. இவற்றைவிட நம் மனத்துக்குத் திருப்தி அளிப்பது, கல்வராயன் மலை ஜனங்களின் வாழ்க்கை நிலையைப் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே விசாரிக்க முன்வந்ததுதான். ரோடும் வேலையும் பள்ளிக்கூடமும் ஏறாத மலையில் சாராயப் பானை ஏறுவதில் ஆச்சரியமில்லை.

நாமும் ஒரு ஜோதிடம் சொல்லி வைக்கிறோம். மெதனால் பீப்பாய்கள் கணக்கில்லாமல் ஆலையை விட்டு வெளியேறும் வரையில், இன்னொரு கருணாபுரம் உண்டு. தட்சிணை வேண்டாம். இந்த ஜோதிடம் பொய்த்துப் போனால் அதுவே போதும்.