ரேடியோ செட்டும் மடிக்கணினியும்

அண்மையில் சுருளிப்பட்டியில் நம் தங்கை வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குச் சென்றிருந்தோம். காலையில் பால் காய்ச்சுதல் முறைப்படி நடந்தேறியது. மாலை விருந்தில்தான் சிக்கல். கல்லூரியில் இரண்டாமாண்டு பயிலும் தங்கை மகன், தானே டிஜேயாக இருந்து பாட்டுப் போடுவதாகச் சொன்னான். அவனிடம் இருந்தவை ஒரு பழைய மடிக்கணினி, மிக்ஸ் என்னும் இலவச மென்பொருள், இரவல் வாங்கிய இரண்டு ஒலிப்பெட்டிகள், ஒரு ஹெட்போன். உறவினர் சிரித்தனர். கம்பத்திலிருந்து வேன் நிறையப் பெட்டிகளும் வண்ண விளக்குகளும் வந்திறங்கினால்தான் மரியாதை என்றனர். வீட்டுக் கடனே தீராத மாப்பிள்ளை, இதற்கும் கடன் வாங்கத் துணிந்துவிட்டார். நாம் பையன் பக்கம் நின்றோம்.

இலக்கியம் பேசும் இடத்தில் டிஜே எதற்கு என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆனால் பெயர்தான் புதிது, தொழில் புதிதன்று. நம் ஊர்களில் 'ரேடியோ செட்காரர்' என்று ஒருவர் இருந்தாரே, அவர் வேறு யார்? கூரைமேல் ஒரு குழாய், ஒரு ஆம்ப்ளிஃபயர், முதலில் இசைத்தட்டு, பின்னர் ஒலிநாடா. விடியலில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டோடு தொடங்குவார். மேளக்காரர் வாசிக்கத் தொடங்கினால் தாமே அடங்குவார். பந்தி நேரத்துக்கு ஒன்று, பெண்ணை வழியனுப்பும் நேரத்துக்கு ஒன்று என்று அவருக்குள் ஒரு வரிசை இருந்தது. அவர் கண் கருவியில் இராது, முற்றத்தில் இருக்கும்.

கடல் கடந்தும் இதே கதைதான். 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், பள்ளி திறப்புக்குத் துணிமணி வாங்கப் பணம் திரட்ட ஒரு சிறுமி தன் குடியிருப்பின் பொதுக்கூடத்தில் விருந்து வைத்தாள். பாட்டுப் போட்டவர் அவளுடைய அண்ணன், பதினெட்டு வயது கிளைவ் கேம்பல். கூல் ஹெர்க் என்று பின்னாளில் பெயர்பெற்றவர். பாட்டின் எந்தப் பகுதி வரும்போது ஆடுவோர் துள்ளுகிறார்கள் என்று அவர் கவனித்தார். தாளம் மட்டும் ஒலிக்கும் அச்சிறு பகுதியை, ஒரே இசைத்தட்டின் இரு படிகளை மாற்றி மாற்றி ஓட்டி நீட்டினார். ஹிப்ஹாப் பிறந்த நாளாக அந்நாளையே குறிக்கிறார்கள். அந்தக் கண்டுபிடிப்புக்குக் காரணம் கருவியன்று, கவனிப்பு.

வீட்டுக்குள் பெரிய பெட்டிகள் தீங்கே செய்யும். சுவர் மூலையில் வைத்த பெட்டியின் அடியொலி வீங்கிப் பாடலையே விழுங்கிவிடும். சற்று முன்னே இழுத்துத் தலைமட்டத்துக்கு மேலே உயர்த்திவைத்தால் சிறு பெட்டியே ஒரு கூடத்துக்குப் போதும். அதைத் திறனுக்கு மேல் கதறவிடாமல் இருக்கவேண்டும், அவ்வளவே. அடுத்த பாடலைத் தான் மட்டும் முன்கூட்டிக் கேட்க, பையன் மலிவான ஒரு பிரிப்புக் கம்பியைப் பயன்படுத்தினான். இடப்பக்க ஒலி பெட்டிக்கு, வலப்பக்க ஒலி காதுக்கு.

மென்பொருளில் இரு பாடல்களின் வேகத்தைத் தானே ஒப்பாக்கும் பொத்தான் ஒன்று உண்டு. அது இங்கே காலைவாரியது. காரணம் சுவையானது. 1976இல் 'அன்னக்கிளி'யோடு தொடங்கிய பண்ணைப்புரத்துக்காரரின் அக்காலப் பாடல்கள் மனிதர் கூடி அமர்ந்து வாசித்தவை. அவற்றின் நடை கடிகாரம்போல் நிற்காது, நூலிழை முன்பின் அசையும். பொத்தானை நம்பினால் தாளங்கள் மோதிக்கொள்ளும். இடையிசை முடியும் இடத்தைக் காதால் பிடித்து மாற்றுவதே வழி. மும்மை நடையிலிருந்து நான்மை நடைக்குத் திடீரெனத் தாவினாலும் ஆடுவோர் கால் தடுமாறும். ஒன்றன் ஈறு மற்றதன் முதலாகும் அந்தாதியை வகுப்பில் நடத்தும் நமக்கு, இது புரியக் கூடுதல் நேரம் பிடிக்கவில்லை.

சிலப்பதிகார அரங்கேற்று காதையில் தண்ணுமை ஆசிரியனுக்கு இளங்கோ வகுக்கும் தகுதி நினைவுக்கு வருகிறது. பிற கருவிகளின் குறையை அவன் நிரப்பவேண்டும், மிகையை அடக்கவேண்டும். வேன் நிறைய வரும் பெட்டிக்காரர் பலர் நிரப்ப மட்டுமே அறிந்தவர். அடக்க அறியார். அதனால்தானே 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கிக்குத் தடை விதிக்க நேர்ந்தது!

பையனும் முதலில் தவறினான். தனக்குப் பிடித்த ஆங்கிலப் பாடல்களாகவே போட, அரைமணியில் கூடம் காலியாயிற்று. மாப்பிள்ளையின் முகம் கறுத்தது. அப்போது விருந்தாளியாக வந்திருந்த முன்னாள் ரேடியோ செட்காரர் ஒருவர் நாற்காலியை அவனருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். "தம்பி, பொட்டியப் பாக்காத. அங்க உக்காந்திருக்க பொம்பளையாளுக காலப் பாரு. எந்தப் பாட்டுக்குக் காலு தட்டுதோ, அதுக்குப் பங்காளிப் பாட்டா அடுத்துப் போடு."

சிறிது நேரத்தில் நம் தங்கையே எழுந்து ஆடினாள். அவள் ஆடி நாம் பார்த்ததில்லை.

சரியாகப் பத்து மணிக்குப் பெட்டிகளை நிறுத்தினான். "அடுத்த மாசம் பேத்திக்குக் காதுகுத்து. வர்றியா தம்பி?" என்றார் பெரியவர். கூலி கேட்கக் கூசி, பையன் நம் முகத்தைப் பார்த்தான்.