இலை சிவக்கும் முன்னே



இலையுதிர்காலத்தில் ஜப்பானின் கியோத்தோ நகரைக் காண வேண்டும், பழம்பொருள்களும் வாங்க வேண்டும், ஆனால் கையிருப்போ குறைவு என்றார் பணி ஓய்வு பெற்ற தோழி ஒருவர். அங்கே இலைகள் சிவக்கும் நவம்பர் பிற்பகுதியில் கூட்டமும் அறை வாடகையும் உச்சத்தில் இருக்கும். ஆகவே, அக்டோபரிலேயே சென்று வாருங்கள் என்றேன்.

மாதந்தோறும் 21ஆம் நாள் தோஜி பௌத்தக் கோயிலிலும், 25ஆம் நாள் கித்தானோ தென்மாங்கு ஆலயத்திலும் பழம்பொருள் சந்தை கூடுகிறது. ஐந்து நாள் தங்கினால் இரண்டையும் காணலாம். பின்னதில் வழிபடப்பெறுபவர், 903இல் மறைந்த அறிஞர் சுகவாரா நோ மிச்சிசானே. அவரைக் கல்வித் தெய்வமாகப் போற்றுகின்றனர். ஆசிரியர்கள் காணவேண்டிய இடமன்றோ!

விலையுயர்ந்த கலைப்பொருள்களை நாட வேண்டாம். பழைய தேநீர்க் கிண்ணம், அஞ்சலட்டை, கிமோனோத் துணி போன்றவை சிறு தொகைக்கே கிடைக்கும். பயணப் பெட்டியிலும் அடங்கும். ரொக்கத்தோடு காலையிலேயே செல்வது நன்று.

ஆயினும், ஒரு வினா என்னை உறுத்துகிறது. யாரோ ஒருவருடைய பாட்டியின் கிண்ணத்தைக் காசு கொடுத்து வாங்கும் நாம், நம் பாட்டியின் பொருள்களை என்ன செய்தோம்? தோட்டத்தில் பால்மரம் சீவிய என் பாட்டியின் பித்தளைச் செம்பைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டவள் நான்தான். இன்று என் மாணவர்களுக்குக் காட்ட என்னிடம் ஒன்றுமில்லை.

பயணத்திற்குப் பணம் சேர்க்கும் முன், உங்கள் வீட்டுச் சாமான் அறையை ஒருமுறை திறந்து பாருங்கள். பிள்ளைகளையும் உடன் அழைத்துக்கொள்ளுங்கள்.