டாக்டர் சீட்டு இல்லாமல் 'அந்த' மாத்திரை... நெஞ்சுவலி வந்தால் ஏன் இரட்டை ஆபத்து?

மெடிக்கல் ஷாப்பில் கூட்டம் குறையும் வரை காத்திருந்து, மெல்லிய குரலில் பெயரைச் சொல்லி வாங்கும் மாத்திரை அது. பெயர் சில்டெனாஃபில். வயாகரா என்றால் எல்லோருக்கும் புரியும். இந்தியாவில் இதை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. ஆனால் நடப்பது வேறு.

41 வயது ஆண் ஒருவரின் மரணத்தை எய்ம்ஸ் மருத்துவர்கள் மருத்துவ இதழ் ஒன்றில் பதிவு செய்தது 2023-ல் பெரிதாகப் பேசப்பட்டது. டாக்டரைக் கேட்காமல் 50 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, கூடவே மது. மறுநாள் காலை வாந்தி, உடம்பு சரியில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று உடனிருந்தவர் சொல்லியும் அவர் கேட்கவில்லை. பிரேதப் பரிசோதனையில் மூளையில் சுமார் 300 கிராம் உறைந்த ரத்தம் இருந்தது. மருந்து, மது, ஏற்கெனவே இருந்த பிபி என மூன்றும் சேர்ந்ததே காரணமாக இருக்கலாம் என்பது மருத்துவர்களின் கணிப்பு. இது அரிதான சம்பவம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

இந்த மருந்து முதலில் ஆராயப்பட்டதே இதய நோயால் வரும் நெஞ்சுவலிக்காகத்தான். 1998-ல் அமெரிக்காவில் ஆண்மைக் குறைபாட்டுக்கு அனுமதி கிடைத்தது. ரத்தக்குழாய்களைத் தளர்த்தி விரிய வைப்பதுதான் இதன் வேலை. அதுவும் ஓர் உறுப்பில் மட்டும் இல்லை, உடம்பு முழுக்க. ஆரோக்கியமானவருக்கு பிபி லேசாகக் குறையும், அவ்வளவுதான்.

சிக்கல் எங்கே வருகிறது?

நெஞ்சுவலி வந்தால் நாக்குக்கு அடியில் வைப்பார்களே, அந்த நைட்ரேட் வகை மாத்திரையும் ரத்தக்குழாயை விரிக்கும். இரண்டும் சேர்ந்தால் பிபி சரசரவென இறங்கிவிடும். மயக்கம், மாரடைப்பு, மரணம் வரை போகலாம். சில்டெனாஃபில் சாப்பிட்டு 24 மணி நேரம், டடாலாஃபில் என்றால் 48 மணி நேரம் நைட்ரேட் தரக் கூடாது என்பது விதி. நள்ளிரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருபவர், மனைவி பக்கத்தில் நிற்கிறார் என்று கூச்சப்பட்டு மாத்திரை விஷயத்தை மறைத்தால், டாக்டருக்கு எப்படித் தெரியும்? சொல்லிவிட்டால் வேறு மருந்து கொடுக்க வழி இருக்கிறது.

'மூலிகைதானே, ஒண்ணும் பண்ணாது' என்பதும் தப்புக் கணக்கு. இயற்கையானது என்று விற்கப்பட்ட பல தயாரிப்புகளில், லேபிளில் சொல்லாமலே சில்டெனாஃபில் கலந்திருப்பதை அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு கண்டுபிடித்திருக்கிறது. பார்வை நரம்புக்கு ரத்தம் குறைந்து திடீரெனக் கண் தெரியாமல் போகலாம் என்ற எச்சரிக்கையும் 2005 முதல் இந்த வகை மருந்துகளின் குறிப்பில் இருக்கிறது. விறைப்பு நாலு மணி நேரத்தைத் தாண்டினால் அதுவும் எமர்ஜென்சிதான்.

பலரும் கவனிக்காத விஷயம்

ஆணுறுப்புக்குப் போகும் தமனி, இதயத்துக்குப் போகும் தமனியைவிடச் சிறியது. கொழுப்பு படிய ஆரம்பித்தால் பாதிப்பு முதலில் சிறிய குழாயில்தான் தெரியும். அதனால்தான் ஆண்மைக் குறைபாடு, இதய நோய் வெளியே தெரிவதற்குச் சில ஆண்டுகள் முன்பே வரலாம். இந்தப் பிரச்சினையோடு வருபவருக்கு டாக்டர்கள் சுகர், பிபி, கொலஸ்ட்ரால் பார்க்கச் சொல்வதும், தேவைப்பட்டால் ஈசிஜி எடுப்பதும் இதற்காகத்தான். கடையில் நேராக மாத்திரை வாங்கி, அதுவும் வேலை செய்துவிட்டால், இந்த டெஸ்ட் எதுவுமே நடக்காது.