எது வீரம்?

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில், ஹெல்மெட்டைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு பறக்கிற பையனுக்குக் கை தட்டுகிறவர்களைக் கேட்கிறேன்: எது ஐயா வீரம்?

ஆஸ்திரேலியாவின் மிக் டூஹன், 1994 முதல் 1998 வரை தொடர்ந்து 5 முறை 500 சி.சி. மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் உலகச் சாம்பியன். 1999 மே மாதம் ஸ்பெயினில் விழுந்து கால் முறிந்தது. போதும் என்று இறங்கிவிட்டார். கோழையா அவர்?

டாக்கார் பந்தயத்தை 2015இல் பைக்கில் ஓடி முடித்த முதல் இந்தியர் சி. எஸ். சந்தோஷ். 2021இல் சவூதிப் பாலையில் அவர் விழுந்தபோது ஹெலிகாப்டர் வந்து தூக்கிச் சென்றது. கவச உடையும் வைத்தியரும் உள்ளவர்களுக்கே இந்தக் கதி!

நம் பையனுக்கு எதிரே வருவது கரும்பு லாரி. இறங்கத் தெரிந்தவனே வீரன் என்பேன் நான். இன்று கை தட்டும் நீங்கள், நாளை அவன் முடமாய்க் கிடந்தால் ஒரு வேளைக் கஞ்சி ஊற்றுவீர்களா?