உட்காரும் இடத்துக்கு ஒரு மரச்சுவர்



மணிக்கூட்டை ஒரு மணி நேரம் பின்தள்ளி வைத்துவிட்டோம். இனி வரும் வாரங்களில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வந்து சப்பாத்தைக் கழற்றிச் சற்று நேரத்திலேயே வெளியே இருட்டிவிடும். டிசம்பர் 21ஆம் தேதி பேர்லினில் பகல் ஏறத்தாழ ஏழே முக்கால் மணி நேரம்தான். அதே நாளில் யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் பதினொரு மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் இருக்கும். ஜேர்மனியில் வாழ்கிற நமக்கு ஆண்டில் பாதி வீட்டுக்குள்ளேயே கழிகிறது. அதனால்தான் இந்தக் குளிர்கால இதழை வரவேற்பறைக்கென்று ஒதுக்கியிருக்கிறோம்.

இதற்கு இன்னொரு காரணம் உங்கள் கடிதங்கள். சுவரில் மரப்பலகை அல்லது மெல்லிய மரச்சட்டங்கள், வெளிர்நிற நிலம், யன்னலில் கனமில்லாத வெள்ளைத்துணி, சோபாவில் ஒரு கம்பளிப் போர்வை என்று ஸ்கண்டிநேவிய வீடுகளின் படங்களைப் பார்த்துவிட்டு, எங்கள் வீட்டிலும் இதைச் செய்யலாமா என்று கேட்டு எழுதுகிறீர்கள். தாராளமாகச் செய்யலாம். ஆனால் பலகை வாங்கப் பவுமார்க்ட் என்ற கட்டடப்பொருள் கடைக்குப் போகுமுன், இந்த நாட்டில் மரச்சுவர் எங்கே, எதற்காகத் தோன்றியது என்று தெரிந்துகொண்டால் அதை எந்தச் சுவரில் வைப்பது என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்.

ஷ்வார்ஸ்வால்ட் காட்டுப்பகுதியில் குட்டாக் என்ற ஊர் இருக்கிறது. அங்கே 1612இல் கட்டிய ஃபோக்ட்ஸ்பவுவர்ன்ஹோஃப் என்ற பண்ணைவீடு, 1964 முதல் திறந்தவெளி அருங்காட்சியகமாக இருக்கிறது. வாய்ப்புக் கிடைத்தால் பிள்ளைகளோடு போய்ப் பாருங்கள். அந்தக் காலத்துப் பண்ணைவீடுகளின் இதயம் 'ஸ்டூபே' என்ற அறைதான். சுற்றிவரப் பலகைச் சுவர், சுவரோடு சேர்த்து அடித்த நீள வாங்கு, மூலையில் மேசை, எதிரே ஒரு பெரிய அடுப்பு. அந்த அடுப்புக்கு விறகை அறைக்கு வெளியே, குசினிப் பக்கத்திலிருந்து போடுவார்கள். சூடு அறைக்கு வரும், புகை வராது. அவ்வளவு பெரிய வீட்டில் குளிர்காலத்தில் சூடாக இருந்த அறை பெரும்பாலும் அது ஒன்றுதான். வீட்டிலுள்ள எல்லோரும் அங்கே கூடினார்கள். சாப்பாடு, தையல், நூற்பு, ஊர்க்கதை எல்லாம் அங்கேதான் நடந்தன. பவேரிய மலையூர்களின் கத்தோலிக்க வீடுகளில் அந்த மேசைக்கு மேலுள்ள மூலையில் சிலுவையும் புனிதர் படங்களும் இருக்கும். சாமிக்கும் அந்த அறையில்தான் இடம்.

ஏன் மரம்? அடர்த்தியான கொங்கிறீற் கடத்துகிற வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட ஸ்ப்ரூஸ், பைன் மரங்கள் கடத்துவதில்லை. கல்லில் சாய்ந்தால் அது உடம்பின் சூட்டை இழுத்துக்கொள்ளும். பலகையில் சாய்ந்தால் கொஞ்ச நேரத்திலேயே முதுகுப்பக்கம் இதமாகிவிடும். அன்றைய தச்சர்கள் அழகுக்காக மட்டும் பலகை அடிக்கவில்லை. ஆட்கள் சாய்ந்து உட்காருகிற இடத்துக்கு அடித்தார்கள். இந்த இதழ் முழுவதிலும் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது இந்த ஒன்றைத்தான்.

வடக்கு நாடுகளின் பாணியிலும் தொடக்கத்தில் இதே அக்கறைதான் இருந்தது. சுவீடனில் சுண்ட்போர்ன் என்ற கிராமத்தில் ஓவியர் கார்ல் லார்சனும் அவர் மனைவி காரினும் ஒரு சின்ன மரவீட்டைத் தங்கள் குடும்பத்துக்கு ஏற்றபடி சிறிது சிறிதாக மாற்றினார்கள். துணிகளை நெய்தவரும், தளபாடங்கள் பலவற்றுக்கு வடிவம் கொடுத்தவரும் காரின். அந்த அறைகளையும் அவற்றில் விளையாடும் பிள்ளைகளையும் கார்ல் நீர்வண்ணத்தில் வரைந்தார். அந்த ஓவியங்கள் 1899இல் சுவீடனில் நூலாக வந்தன. 'வெயிலில் நிற்கும் வீடு' என்று பொருள்படும் ஜேர்மன் நூல் 1909இல் வெளியாகி, மூன்றே மாதத்தில் 40,000 பிரதிகள் விற்றது. கனத்த திரைச்சீலையும் இருண்ட தளபாடமுமாக இருந்த அன்றைய ஜேர்மன் நடுத்தர வீடுகளுக்கு, வெளிச்சமும் பிள்ளைகளும் நிறைந்த அறை ஒன்றைக் காட்டியது அந்த நூல். அதே 1899இல் எலன் கெய் என்ற சுவீடன் எழுத்தாளர் 'எல்லோருக்கும் அழகு' என்ற நூலை வெளியிட்டார். அழகான வீடு பணக்காரருக்கு மட்டுமானதல்ல என்பதே அவர் வாதம். 1974 அக்டோபரில் மியூனிக்குக்கு அருகே எக்கிங்கில் இகேயா தன் முதல் ஜேர்மன் கடையைத் திறந்தபோது, அந்த எண்ணம் பைன் மர அலுமாரியாகச் சாதாரணக் குடும்பங்களின் வீட்டுக்குள் வந்தது. நம்மில் பலருடைய முதல் மேசையும் அங்கே வாங்கியதுதான்.

லார்சன் வீட்டைப் பற்றி ஒன்றை மறக்காமல் சொல்ல வேண்டும். அங்கே சிவப்பும் பச்சையும் தாராளமாக உண்டு. ஸ்கண்டிநேவிய அறை என்றால் வெள்ளையும் சாம்பலும் மட்டும்தான் என்ற எண்ணம் பின்னாளில் வந்தது. நமது கைத்தறித் துணியின் குங்குமச் சிவப்போ மயில்நீலமோ வெளிர்மரத்துக்குப் பக்கத்தில் மிக அழகாகவே இருக்கும். அந்தப் பாணிக்காக நம் நிறங்களைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டத் தேவையில்லை.

ஜேர்மனியின் மரவீடுகளில் நமக்கு மிக நெருக்கமானது பொட்ஸ்டாமுக்கு அருகே கபூத் கிராமத்தில் இருக்கிறது. 1929இல் ஆல்பர்ட் ஐன்ஸ்டீனுக்கு ஐம்பது வயது நிறைந்தது. பேர்லின் நகரசபை அவருக்கு ஒரு வீடு பரிசளிக்க முயன்றது. அது இழுபறியாகவே, அவர் தன் சொந்தப் பணத்தில் ஒரு கோடைவீடு கட்டினார். வரைந்தவர் கொன்ராட் வாக்ஸ்மன் என்ற இளம் கட்டடக் கலைஞர். பகுதி பகுதியாகச் செய்து கொடுத்தது, சாக்சனியில் நீஸ்கி நகரில் இருந்த கிறிஸ்டோப் உண்ட் உன்மாக் நிறுவனம். அதன் வேர் டென்மார்க்கில். கோப்பன்ஹேகனில் தொடங்கிய நிறுவனம் 1882இல் நீஸ்கிக்கு வந்து, டோக்கர் என்ற டென்மார்க்காரர் கண்டுபிடித்த, கழற்றிப் பூட்டக்கூடிய மரக்கொட்டகைகளைச் செய்து பெரிதாக வளர்ந்தது.

அந்தக் கபூத் வீட்டுக்கு 1930 ஜூலை 14ஆம் தேதி ரவீந்திரநாத் தாகூர் வந்தார். மனிதரைச் சாராத உண்மை என்று ஒன்று உண்டா என்பது பற்றி இருவரும் பேசிய உரையாடல் உலகப் புகழ்பெற்றது. 1932 டிசம்பரில் அமெரிக்காவுக்குப் புறப்பட்ட ஐன்ஸ்டீன் பிறகு ஜேர்மனி மண்ணை மிதிக்கவேயில்லை. நாசி அரசு வீட்டைப் பறித்துக்கொண்டது. கட்டிய வீட்டைப் பூட்டிவிட்டு வந்த வேதனை எப்படிப்பட்டது என்று நம் வாசகர்களில் பலருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வீடு 2005இல் புதுப்பிக்கப்பட்டு, இன்று கோடையில் பார்வையாளருக்குத் திறக்கிறது. சின்ன வீடுதான். உலகின் மிகப் பெரிய இரண்டு மனங்கள் உட்கார்ந்து பேச அதுவே போதுமாக இருந்தது.

பேர்லினுக்குப் போகிறவர்கள் ஹன்சா குடியிருப்பையும் பார்த்து வரலாம். 1957ஆம் ஆண்டுக் கட்டடக் கண்காட்சிக்காக ஃபின்லாந்துக் கலைஞர் அல்வார் ஆல்டோ அங்கே ஒரு மாடிக்கட்டடம் கட்டினார். நடுவே ஒரு பொது அறை, அதைச் சுற்றி மற்ற அறைகள் என்பது அதிலுள்ள வீடுகளின் அமைப்பு. ஊரில் நாற்சார் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்த வரைபடம் உடனே பிடிபடும். யார் எந்த அறையிலிருந்து வந்தாலும் நடுவில் ஒருவர் மற்றவரைக் கண்டே ஆக வேண்டும்.

இனி நம் வீடுகளுக்கு வருவோம். 1980களில் இந்த நாட்டுக்கு வந்த நம்மவர்கள் பலர் அகதி முகாமில் ஓர் அறையை நான்கைந்து பேராகப் பகிர்ந்து வாழ்ந்தார்கள். சொந்தமாக ஒரு வீடு அமைந்தபோது வரவேற்பறையை ஆசை ஆசையாக நிரப்பினார்கள். தோல் சோபா, கண்ணாடி அலுமாரி, பிள்ளைகளின் பட்டமளிப்புப் படங்கள். அந்த அறைகளில் இருப்பது ஒரு தலைமுறையின் உழைப்பு. அதை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் பல வீடுகளில் அந்த அறை விருந்தாளிக்காகக் காத்திருக்கிறது. குடும்பம் குசினி மேசையைச் சுற்றி நெருக்கி உட்கார்ந்திருக்கிறது. இப்போது மரச்சுவர் வைக்கும்போதும் முதலில் நினைவுக்கு வருவது தொலைக்காட்சியின் பின்பக்கம்தான்.

தயவுசெய்து அந்த இடத்தைக் கொஞ்சம் யோசியுங்கள். சில நாட்கள் மாலையில் கவனித்துப் பாருங்கள்: அம்மா எங்கே உட்கார்ந்து தொலைபேசியில் பேசுகிறார், பிள்ளை எங்கே படுத்துக்கொண்டு வாசிக்கிறது, அப்பா வேலையால் வந்து எந்தக் கதிரையில் சாய்கிறார்? மரம் அங்கே வரட்டும். முதுகுக்குப் பின்னால், வாங்குக்கு மேலே, தோள் உயரத்துக்கு இருந்தாலே போதும். முழுச்சுவரும் தேவையில்லை, செலவும் பாதியாகும். இன்னொரு நன்மையும் உண்டு. வெறும் சுவரும் வழவழப்பான நிலமும் உள்ள அறையில் நாலு பேர் சேர்ந்து பேசினால் எதிரொலிக்கும், வயதானவர்களுக்கு ஒன்றும் விளங்காது. பின்புறம் ஃபெல்ட் துணி ஒட்டிய மரச்சட்டப் பலகை அந்த எதிரொலியைக் குறைக்கும். தாத்தாவும் பாட்டியும் உரையாடலுக்குள் வருவார்கள்.

செய்முறையில் சில எச்சரிக்கைகள். கடையில் கிடைக்கும் சட்டப் பலகைகளில் பல, மரத்தூளை அழுத்திச் செய்து மேலே மெல்லிய ஓக் தோல் ஒட்டியவை. முழுமரம் வேண்டுமானால் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் ஸ்ப்ரூஸ் பலகை மலிவானது, நீடிக்கக்கூடியது. பொறுப்பாக வளர்த்து வெட்டிய மரமா என்று அறிய எஃப்எஸ்சி முத்திரையைப் பாருங்கள். அந்த அமைப்பின் தலைமையகம் நம் பொன் நகரில்தான் இருக்கிறது. வாங்கிய பலகையைச் சில நாட்கள் அறையிலேயே கிடத்தி வைத்துவிட்டுப் பிறகு பொருத்துங்கள். ஈரத்துக்கு ஏற்ப மரம் விரியும், சுருங்கும். ஓரங்களில் சிறிது இடைவெளியும் விடுங்கள்.

குளிர்ந்த வெளிச்சுவரில் பலகை அடிப்பதைக் கூடுமானவரை தவிருங்கள். பலகை போட்டதும் அதன் பின்னாலுள்ள சுவர் இன்னும் குளிரும். நமது சோறும் குழம்பும் கொதிக்கும் ஆவி அங்கே போய் நீராகும், பிறகு பூஞ்சணம் பிடிக்கும். இரண்டு அறைகளுக்கு நடுவிலுள்ள உட்சுவரே பாதுகாப்பானது. யன்னல்களை அகலத் திறந்து, ஐந்து பத்து நிமிடம் காற்றை மாற்றும் ஜேர்மன் பழக்கத்தை நாளுக்குச் சில முறை கடைப்பிடியுங்கள்.

இந்த நாட்டில் பாதிப் பேருக்கு வீடு வாடகைதான். வீட்டுக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். வெளியேறும்போது சுவரைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் பொறுப்பு பெரும்பாலும் நம்முடையது, மூன்று மாத வாடகை வரை வைப்புப்பணமாக அவர் கையில் இருக்கும். பசை போட்டு ஒட்டினால் பூச்சும் சேர்ந்து பெயர்ந்து வரும். சுவரில் சில துளைகளிட்டு, டூபெல் என்ற செருகிகளைப் பொருத்திச் சட்டமடித்து, அதில் பலகையைத் திருகாணியால் பூட்டினால் வீடு மாறும்போது மரத்தையும் கொண்டுபோகலாம்.

பழைய வீடு வாங்குகிறவர்களுக்கு இது முக்கியம். 1970களில் இங்கே வரவேற்பறைக்கும் நிலவறைக்கும் பலகை அடிப்பது பெரிய மோகமாக இருந்தது. அப்போது மரத்தில் பூசிய பாதுகாப்பு மருந்துகள் பலவற்றில் பென்டாகுளோரோஃபீனோல், லிண்டேன் என்ற நச்சுகள் இருந்தன. மக்கள் நோயுற்றார்கள், பிராங்க்ஃபர்ட்டில் பெரிய வழக்கே நடந்தது. பென்டாகுளோரோஃபீனோலை ஜேர்மனி 1989இல் தடைசெய்தது. அந்தக் காலத்துப் பலகையுள்ள வீட்டை வாங்கினால், வீட்டுத் தூசியையும் ஒரு துண்டு மரத்தையும் ஆய்வுகூடத்தில் சோதித்த பிறகே பிள்ளைகளை அந்த அறையில் படுக்க விடுங்கள். சோதிக்காமல் அதை உப்புத்தாளால் தேய்க்கவும் வேண்டாம், தூள் பறக்கும்.

சாமிப்படம் அந்த அறையில்தான் என்றால் அப்படியே இருக்கட்டும். விளக்கையும் கற்பூரத்தையும் மட்டும் மரத்திலிருந்து நன்றாகத் தள்ளிவைத்து, பின்னால் ஓர் ஓடோ பித்தளைத் தகடோ வையுங்கள். பூச்சில்லாத மரத்தில் மஞ்சளும் எண்ணெயும் பட்டால் கறை போகாது என்பதால், பலகைக்கு எண்ணெய்ப்பூச்சு அவசியம்.

உங்கள் வீட்டில் எல்லோரும் கூடுகிற இடம் எது, அதை எப்படி அமைத்திருக்கிறீர்கள் என்று எழுதுங்கள், படமும் அனுப்புங்கள். பெரிய வீடாக இருக்க வேண்டியதில்லை, விலையுயர்ந்த மரமும் வேண்டியதில்லை. அடுத்த இதழில் இரண்டு பக்கங்களை உங்களுக்கென்று வைத்திருக்கிறோம். இந்தக் குளிர்காலத்தில் உங்கள் வீட்டு வரவேற்பறையில் விருந்தாளியை விட வீட்டுக்காரர்கள் அதிக நேரம் உட்கார வேண்டும் என்பதே எங்கள் ஆசை.

அன்புடன்,
ஆசிரியர்