பழைய வாகனம் பழுதானால் 'நஸீபு' என்று விட வேண்டுமா?

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கிய சில நாட்களிலேயே இன்ஜின் மக்கர் செய்தால், "பழைய வண்டி அப்படித்தான்" என்று டீலர் கைவிரிக்கிறார். நாமும் நஸீபு என்று ஒதுங்கிவிடுகிறோம்.

மார்க்கம் அப்படிச் சொல்லவில்லை. நனைந்த தானியத்தை அடியில் மறைத்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். விற்பதற்கு முன்பே இருந்த குறை பிறகு தெரியவந்தால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையை ஃபிக்ஹு 'கியாருல் ஐப்' என்கிறது.

நாட்டின் சட்டமும் துணை நிற்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, 2 ஆண்டுகளுக்குள் நாம் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் செய்யலாம். வாங்கிய விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமில்லை; வக்கீலும் கட்டாயமில்லை. இயல்பான தேய்மானத்திற்கு டீலர் பொறுப்பல்ல என்பதால் ரசீது, விளம்பரம், வாட்ஸ்அப் உரையாடல், மெக்கானிக்கின் எழுத்துப்பூர்வ அறிக்கை ஆகியவை அவசியம்.

இத்தொழிலில் உள்ள நம் சகோதரர்களோ, குறையைச் சொல்லியே விற்கட்டும். பரக்கத் அதில்தான் இருக்கிறது.